வானிலை எழுதாத ஆட்டம்

கெட்டில்ரன் என்ற அமெரிக்கச் சுரங்க ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் அதைக் கடைத்தெருவில் நின்று பேசலாம். ஒருவன் மனைவி இன்னொருவனோடு பிட்ஸ்பர்க்குக்கு ஓடிப்போனால் மாதா கோவில் படியிலேயே நின்று பேசலாம்; பாதிரியாரும் சேர்ந்துகொள்வார். பேசக் கூடாதது ஒன்றே ஒன்றுதான். பேஸ்பாலில் ஒருவன் ஓர் ஆட்டம்கூட விடாமல் எதையாவது செய்துகொண்டே வருகிறான் என்றால், அந்தத் தொடர் முடிகிற வரைக்கும் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எத்தனை ஆட்டம் ஆயிற்று என்று எண்ணைச் சொல்வது அதைவிடப் பெரிய பாவம். சொன்ன மறுகணம் தொடர் அறுந்துவிடும். இது மூடநம்பிக்கை என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். வெளியூர் அணிகள் ஏன் தோற்கின்றன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எமில் கோவால் இந்தச் சட்டத்தை அறுபத்தோரு வயது வரை ஒருமுறைகூட மீறாதவர். இந்த ஊரில் நிலக்கரி வெட்டியவன் மகனுக்கு இரண்டு வழிதான் உண்டு: அவனும் சுரங்கத்தில் இறங்க வேண்டும், அல்லது பந்தை அடிக்க வேண்டும். எமிலுக்கு இருட்டு என்றால் பயம். பந்து கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் பேட்டோடு நின்றார். பந்து அவரை ஏழு தடவை அடித்தது, அவர் பந்தை ஒருதடவையும் அடிக்கவில்லை. கடைசியில் நகராட்சி அவர் மூக்கின் மேல் இருந்த தடித்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு வீடு வீடாகப் போய் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையைக் கொடுத்தது. பேஸ்பால் குழு அதே கண்ணாடியைப் பார்த்துவிட்டு, 1961இல், ஊர் அணியின் ஸ்கோரர் வேலையைக் கொடுத்தது. ஊரிலேயே கண் சரியில்லாதவரிடம் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்ன குழுவை யாரும் குறை சொல்லவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் கண் இருந்தது, ஆனால் அணியில் உறவுக்காரர்களும் இருந்தார்கள்.

வேலை இதுதான். அடித்தவன் ஓடிப்போய் முதல் பேஸில் பத்திரமாக நின்றுவிட்டான் என்றால், அது அவன் சாமர்த்தியமா, பந்தைப் பிடிக்க வேண்டியவன் செய்த தப்பா? சாமர்த்தியம் என்றால் புத்தகத்தில் ஹிட். தப்பு என்றால் எரர். கீழே இருப்பவர்கள் விளையாடுவார்கள். அவர்கள் விளையாடியது என்ன என்று மைதானத்தோரம் உயரத்தில் கட்டிய கூண்டில் உட்கார்ந்திருக்கும் எமில் சொல்வார். கடவுளுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் கடவுளின் கார் டயரிலிருந்து யாரும் காற்றைப் பிடுங்கிவிடுவதில்லை.

எமில் காற்றில்லாத டயரோடு பல ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்கு நடந்திருக்கிறார். நண்பன் நார்பர்ட் க்ளைன் இளமையில் இரண்டாவது பேஸில் நின்று பந்து பிடித்தவன். 1964இல் ஒரே ஆட்டத்தில் எமில் அவனுக்கு மூன்று எரர் எழுதினார். நார்பர்ட் இரண்டு வருஷம் பேசவில்லை. அப்புறம் அப்பாவின் தொழிலை ஏற்று ஊருக்கே சவ அடக்கம் செய்பவனாக ஆனான். அந்தத் தொழில் செய்கிறவன் யாரோடும் நிரந்தரமாகப் பகைத்துக்கொள்ள முடியாது என்று கண்டு மறுபடி பேசத் தொடங்கினான். இப்போது சுற்றுவட்டார அணிகள் ஆடும் லீகின் தலைவரும் அவன்தான்.

எமிலின் மனைவி வெர்னா, சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். 1963இல் கல்யாணமான மறுவாரம், புருஷன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறான் என்று பார்க்க ஏணி ஏறிக் கூண்டுக்கு வந்தாள். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தாள். அப்புறம் ஸ்கோர் தாளின் தலைப்பில் இருந்த மூன்று கட்டங்களைக் கவனித்தாள். தேதி, கூட்டம், வானிலை. மூன்றாவது காலியாக இருந்தது.

"இதை ஏன் எழுதல?"

"மழைன்னா ஆட்டம் இல்ல. ஆட்டம்னா மழை இல்ல. இதுல எழுத என்ன இருக்கு?" என்றார் எமில்.

வெர்னா பென்சிலை வாங்கி எழுதினாள்: 'வெயில். வலது பக்கம் நிற்பவனுக்கு மட்டும் அதிகம்.' அன்று முதல் அந்தக் கட்டம் அவளுடையது. அவள் ஒவ்வொரு ஞாயிறும் பிளாஸ்கில் காபியும், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டிய ஹலுப்கியும் எடுத்துக்கொண்டு ஏணி ஏறுவாள், வானத்தை ஒருமுறை பார்ப்பாள், எழுதுவாள். 'மேகம் இருக்கிறது, பெய்ய மனசில்லை.' 'புழுக்கம். பாதிரியார் நம் அணிக்காக வேர்க்கிறார்.' 'நல்ல காற்று. நார்பர்ட் கறுப்புக் கோட்டில் வந்திருக்கிறான், யாரோ போயிருக்க வேண்டும்.' லீகின் அதிகாரபூர்வ ஆவணத்தில் இப்படியெல்லாம் எழுதலாமா என்று எமில் முதல் வருஷம் கவலைப்பட்டார். இரண்டாம் வருஷம் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்து புது தாள்கள் அச்சடித்தார்.

அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அதைப் பற்றியும் ஊர் கடைத்தெருவில் பேசியது.

எமில் 1961 முதல் ஓர் ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு எழுதினார். கை முறிந்தபோது இடது கையால் எழுதினார். அம்மா இறந்தபோது அடக்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லி நார்பர்டின் அப்பாவிடம் கேட்டார். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எமிலும் தொடரில் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். ஆகவே ஊரில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. 1974இல் நார்பர்ட் பீர் வேகத்தில் "எமில், இதோட எத்தனை..." என்று ஆரம்பித்தான். நான்கு பேர் அவனை வெளியே இழுத்துப்போய், மும்முறை துப்ப வைத்து, கட்டடத்தைப் பின்பக்கமாக நடந்து சுற்றிவரச் சொன்னார்கள். சவ அடக்கம் செய்கிறவன் பின்பக்கமாக நடப்பதைப் பார்த்து ஊர் ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

வெர்னாவும் சொன்னதில்லை. இருபத்து நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட.

1987 ஆகஸ்டில் அவளை முப்பது மைல் தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று வாரம் இருந்தாள். முதல் இரண்டு ஞாயிறும் எமில் மதியம் கிளம்பிப்போய் ஆட்டத்தை எழுதிவிட்டு மாலையில் திரும்பி வந்தார். மூன்றாவது ஞாயிறு செப்டம்பர் பதின்மூன்று, அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம். ஒரு வாரம் இருக்கலாம், எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். பன்னிரண்டரை மணிக்குத் தலையணையைச் சரிசெய்ய வந்த நர்ஸ், "இன்னைக்கு எங்கயும் போகலையே?" என்று எமிலைக் கேட்டாள். அவள் வேறு மாவட்டத்துக்காரி, பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.

வெர்னா எமிலைப் பார்த்தாள். அவர் முழங்காலில் இருந்த தொப்பியைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் எதற்குப் போகாதே என்பதும் அதில் வந்துவிடும். அது இத்தனை வருஷம் அவள் வாயில் வராத விஷயம்.

"கோட்டு எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். "ஆறாவது இன்னிங்ஸ்ல மழை வரும்."

"கார்ல இருக்கு."

"சரி."

எமில் அந்தச் சரியை அனுமதியாக எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்புறம் வந்த குளிர்காலம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ஹிட்டா எரரா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறாவது நடக்கும்போது, கீழே இருந்த தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அடக்கம் செய்பவரை விசாரித்து, ஆள் மைதானத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கே கூப்பிட்டிருந்தார்கள். நார்பர்ட் பேசினான், ஏணி ஏறினான், எமிலின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று தொப்பியைக் கழற்றினான். ஏணி ஏறிய வேர்வைக்கு என்று எமில் நினைத்துக்கொண்டார். நார்பர்ட் ஏழாவதிலும் நின்றான், எட்டாவதிலும் நின்றான். ஒன்பதாவதின் கடைசி ஆள் அவுட்டாகி, எமில் கோடு போட்டுப் பென்சிலைக் கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறந்தான். பாதியில் சொல்லியிருந்தால் எமில் எழுந்து போயிருப்பார், தொடர் போயிருக்கும். நார்பர்ட் நண்பனுக்கு அதைச் செய்ய மாட்டான். இந்தப் பள்ளத்தாக்கில் இதைவிடப் பெரிய கருணை கிடையாது.

வெர்னாவை மைதானத்துக்குப் பின்னால் இருந்த மேட்டுக் கல்லறையில் வைத்தார்கள். எதிரணிக்காரன் ரொம்ப தூரம் அடித்தால் பந்து அங்கேதான் போய் விழும். கல்லில் பட்டால் இரண்டு பேஸ் என்று லீகில் தனி விதியே உண்டு.

மே மாதம் வந்தது. புது சீசன். எமில் பிளாஸ்க் இல்லாமல் ஏணி ஏறினார். வானிலைக் கட்டத்தில் 'வெயில்' என்று எழுதினார். மறுவாரமும் 'வெயில்'. அன்று தூறிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் டுவேன் ரீகரின் விஷயம் வந்தது. டுவேன் இருபத்தொன்பது வயது, கூரை போடுகிறவன். போன வருஷக் கடைசிப் பத்தொன்பது ஆட்டங்களிலும் ஒரு ஹிட்டாவது அடித்திருந்தான். இந்த வருஷம் ஜூலை நடுவரைக்கும் பன்னிரண்டு ஆட்டம், பன்னிரண்டிலும் அடித்துவிட்டான். ஊர் சாதனை முப்பத்தொன்று. 1949இல் வார்கோ என்பவர் ஒரே சீசனில் செய்தது. அப்போது சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது, வாரம் இரண்டு ஆட்டம். பத்தொன்பதையும் பன்னிரண்டையும் கூட்டத் தெரிந்தவர்கள் கெட்டில்ரன்னிலும் இருந்தார்கள். கூட்டலாமா என்பதுதான் கேள்வி. நடுவில் ஏழு மாதக் குளிர்காலம் கிடக்கிறதே. சீசன் முடிந்தால் தொடரும் முடிந்ததா, இல்லை பனிக்கு அடியில் உயிரோடு இருந்ததா?

ஊர் இரண்டாகப் பிரிந்தது. வார்கோவின் பேட்டைச் சுவரில் மாட்டியிருந்த மதுக்கடை, முடிந்தது என்றது. எதிர்ச்சாரி மதுக்கடை, முடியவில்லை என்றது. டுவேன் படத்தை மாட்டினால் தொடர் அறுந்துவிடும் என்பதால் காலிப் படச்சட்டம் ஒன்றை மாட்டிவைத்து அதற்குக் கீழே நின்று குடித்தார்கள். டுவேன் போன மே மாதத்திலிருந்து ஆட்டக் காலுறையைத் துவைக்கவில்லை. குளிர்காலத்தில் அவன் மனைவி அதை ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடி இறுக்கிக் கார் கொட்டகையில் வைத்திருந்தாள். ஜாடியைப் பார்த்தவர்கள், உள்ளே இருப்பது உயிரோடுதான் இருக்கிறது என்றார்கள்.

திங்கட்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் லீக் குழு கூடியது. ஒன்பது பேர். விவாதத்தில் இருந்த சிக்கல், விவாதிக்கும் விஷயத்தைச் சொல்லக் கூடாது என்பது. ஆகவே 'ஒருத்தன்' என்றார்கள், 'ஒரு சமாச்சாரம்' என்றார்கள், 'ஒரு எண்ணுக்கு மேல் இன்னொரு எண்' என்றார்கள். தேனீ வளர்ப்பவர், குளிர்காலத்தில் தேனீ சாவதில்லை, கூட்டுக்குள் சுருண்டுதான் கிடக்கிறது என்று வாதாடினார். பள்ளிக்கூடத்துக் கொதிகலன்காரர், அணைந்த அடுப்பை ஆறு மாதம் கழித்துப் பற்றவைத்தால் அது பழைய நெருப்பா என்று கேட்டார். பாதிரியார் உயிர்த்தெழுதலைப் பற்றி ஏதோ தொடங்கினார். நடுவில் மூன்றே நாள்தானே, ஏழு மாதம் இல்லையே என்று பல் டாக்டர் இடைமறித்தார். இரண்டரை மணி நேரம் ஓர் எண்ணும் ஒரு பெயரும் வெளியே வராமல் ஒன்பது பேர் சண்டை போட்டார்கள்.

விதிப்புத்தகம் 1946இல் தட்டச்சடித்தது, பதினான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் பன்றித்தொத்திறைச்சி செய்முறை. குளிர்காலத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: சாதனை பற்றிய தகராறில் ஸ்கோரர் எழுத்தில் தருவதே முடிவு. ஒன்பது பேரும் நிம்மதியாகத் திரும்பி எமிலைப் பார்த்தார்கள். வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எமிலுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கேள்வி டுவேனைப் பற்றியது மட்டும் அல்ல.

சீசனோடு தொடர் முடிந்துவிடுகிறது என்றால், போன செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி எமில் கையில் இருந்தது வெறும் பத்தொன்பது. இருபதாவதுக்காக அந்த அறையிலிருந்து எழுந்து வந்திருக்கிறார். குளிர்காலம் தாண்டித் தொடர் தொடர்கிறது என்றால், அவர் கையில் இருபத்தேழு வருஷம் இருந்தது. அதை விட முடியாமல்தான் வந்தார் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் இருபத்தேழு வருஷத்துக்காவது ஒரு கனம் இருந்தது. எமிலுக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது எமிலுக்கு நன்றாகத் தெரிந்தது. அதுதான் அவரை வாட்டியது. இத்தனை வருஷத்தில் ஒரு பந்தைப் பற்றியும் அவருக்கு வேண்டும் என்று எதுவும் இருந்ததில்லை. வேண்டும் என்று ஒன்று இருக்கிறவன் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

செவ்வாய்க்கிழமை டுவேன் ஏணியோடு வந்து, யாரும் கேட்காமலே எமிலின் கூரைமேல் ஏறினான். தளர்ந்திருந்த ஓடு ஒன்றை இறுக்கினான். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"மழைத்தண்ணி உள்ள இறங்கியிருக்கும், மிஸ்டர் கோவால். வெர்னா அம்மா இருந்திருந்தா குளிர்காலத்துக்கு முன்னாடியே என்னைக் கூப்பிட்டு ஏசியிருப்பாங்க."

எமில் தலையாட்டினார்.

"குளிர்காலத்துல வேலை இல்ல. தினமும் கொட்டகையில நின்னு பேட்டு சுத்துனேன். நூறு தடவை." டுவேன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான். "சும்மா சொன்னேன். வேற எதுக்கும் இல்ல."

"எனக்கு எதுவும் கேக்கல," என்றார் எமில். கெட்டில்ரன்னில் ஒருவர் மற்றவருக்குக் காட்டக்கூடிய உச்ச மரியாதை அது.

புதன்கிழமை மதியம் எமில் கீழறைக்குப் போய்ப் பழைய ஸ்கோர் புத்தகங்களை எடுத்தார். முன்பு எப்போதாவது இப்படி நடந்திருக்கிறதா, அப்போது என்ன எழுதினோம் என்று பார்க்கத்தான். ஆட்டங்களைப் பார்க்க ஆரம்பித்து, தாளின் தலைப்பைத் தாண்டவே முடியவில்லை. 'வெயில். வலது பக்கம் நிற்பவனுக்கு மட்டும் அதிகம்.' 'குளிர். எமில் சளியை ஒத்துக்கொள்ள மாட்டான்.' 'இடி தூரத்தில். எங்களுக்கு இல்லை, பக்கத்து ஊருக்கு.' 'அழகான நாள், தோற்கப் போகிறோம்.' ஒவ்வொரு தாளிலும் அதே சாய்ந்த எழுத்து. ஒரு தாளில் காபி வட்டம். ஒரு தாளில் இறைச்சிக் குழம்பு பட்ட விரல் தடம்.

எமில் எண்ண ஆரம்பித்தார். பழக்கதோஷம். ஒருமுறை எண்ணிவிட்டுச் சரிபார்க்க மறுமுறை எண்ணினார். நானூற்று எண்பத்தொன்று. 1963 ஜூனிலிருந்து 1987 ஆகஸ்ட் இருபத்து மூன்று வரை நடுவில் ஒன்றுகூட விடவில்லை. ஊரிலேயே எல்லாவற்றையும் எண்ணுகிற மனிதர், பக்கத்து நாற்காலியை எண்ணாமல் விட்டிருந்தார்.

அதற்கப்புறம் மூன்று தாள்கள். இரண்டில் அவருடைய கையெழுத்தில் 'வெயில்', 'வெயில்'. மூன்றாவது, செப்டம்பர் பதின்மூன்று. தேதி இருந்தது. கூட்டம் நூற்றுநாற்பது என்று இருந்தது. மூன்றாவது கட்டத்தில் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு வெர்னா பிளாஸ்கைக் கழுவி, சமையலறை மேல்தட்டில் கவிழ்த்து வைப்பாள். ஏப்ரல் கடைசியில் இறக்குவாள். முடிந்தது என்று ஒரு செப்டம்பரிலும் அவள் சொன்னதில்லை. எமில் மேலே சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். பிளாஸ்க் மேல்தட்டில் இல்லை. அது இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையில்தான் இருந்தது. பையை அவர் பிரிக்கவே இல்லை.

மேசையில் உட்கார்ந்து தீர்ப்பை எழுதினார். நான்கு வரிதான் வந்தது.

வியாழக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. இரண்டு மதுக்கடைகளும் அன்று வியாபாரத்தை மூடிவிட்டு எதிரெதிர் பக்கம் உட்கார்ந்திருந்தன. எமில் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"குளிர்காலம் எந்தத் தொடரையும் அறுப்பதில்லை. ஆட்டம் இல்லாத நாளில் யாரும் எதையும் தவறவிடுவதில்லை. ஆட்டம் இருக்கிற நாளில், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போவதுதான் தொடரை அறுக்கிறது. ரீகரின் கணக்கு சென்ற வருஷத்திலிருந்தே செல்லும்."

ஒரு பக்கம் முனகியது, மறுபக்கம் பெருமூச்சு விட்டது. எமில் உட்காரவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இன்னொன்னு. என்னோடது போன ஞாயிறோட ஐந்நூத்தி முப்பத்தஞ்சு."

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"எமில், வேணாம்," என்றான் நார்பர்ட் மெதுவாக.

"ஐந்நூத்தி இருபத்தி மூணாவது ஆட்டத்துல என் பொண்டாட்டி செத்துப்போனா. அன்னைக்கு எனக்கு ரெண்டு இடத்துல ஆட்டம் இருந்துச்சு. ஒண்ணைத் தவறவிட்டேன். அதுவும் புத்தகத்துல ஏறணும்." எமில் தொப்பியை எடுத்துக்கொண்டார். "வர்ற ஞாயிறு நார்பர்ட் எழுதுவான்."

வெளியே வண்டிகளுக்கு நடுவில் நார்பர்ட் அவரைப் பிடித்தான். தனக்கு ஹிட் எது எரர் எது என்று தெரியாது, எமிலே அப்படி எழுதிவைத்திருக்கிறாரே என்று முறையிட்டான்.

"அறுவத்திநாலுல மூணும் எரர்தான். இன்னைக்கும் எரர்தான்," என்றார் எமில். "ஆனா நீ எழுது."

நார்பர்ட் போகவில்லை.

"நான் ஆறாவதுலயே சொல்லியிருக்கணும், எமில்."

எமில் கார்க் கதவைத் திறந்தார்.

"நீ சொல்லியிருந்தாலும், நான் ஒன்பதும் முடிச்சிட்டுத்தான்டா இறங்கியிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு எமில் மேட்டுக் கல்லறையில், மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வெர்னாவின் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோட்டு கொண்டுவந்திருந்தார். வானத்தில் மேகம் ஒன்றும் இல்லை. பிளாஸ்கில் அவரே போட்ட காபி இருந்தது, குடிக்க லாயக்கில்லை.

காதை மூட முடியாது. பேட்டில் பந்து படும் சத்தத்திலேயே அது எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. நான்காவது இன்னிங்ஸ் வரை டுவேனுக்கு ஒன்றும் அமையவில்லை. ஏழாவதில் ஒலிபெருக்கி டுவேன் பெயரைச் சொன்ன பிறகு மொண்ணையான ஒரு சத்தம் கேட்டது: தரையோடு உருளுகிற பந்து, நேராக ஆள் இருக்கிற இடத்துக்கு. அப்புறம் இருக்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் நீண்ட ஓர் இடைவெளி. கூட்டத்திலிருந்து ஆ என்று ஒரு சத்தம். பிடிக்க வேண்டியவன் பந்தைக் கையில் தடுமாறவிட்டிருக்கிறான். எரர், சந்தேகமே இல்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஹிட், என்றது நார்பர்டின் குரல். பிணப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற அதே மென்மையான குரல். மைதானம் எழுந்து நின்று கத்தியது. முப்பத்திரண்டு. கெட்டில்ரன்னின் மாபெரும் சாதனை ஒரு எரரின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது, ஆட்டத்தைப் பார்க்காத ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். எமில் திரும்பிப் பார்க்கவில்லை. அது நார்பர்டின் நாற்காலி.

கோட்டின் உள்பையிலிருந்து போன செப்டம்பரின் கடைசித் தாளை எடுத்தார். முழங்காலில் வைத்துப் பென்சிலை நாக்கில் நனைத்தார். அந்த ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் பந்து பந்தாக அவருக்கு நினைவிருந்தது. யார் எந்தப் பக்கம் அடித்தான், யார் எங்கே வழுக்கினான், எல்லாம் இருந்தது. ஆறாவது இன்னிங்ஸில் மழை வந்ததா? கூண்டுக்குக் கூரை உண்டு. தாள் நனையவில்லை. ரொம்ப நேரம் யோசித்தார். கீழே எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கி முடிந்தது.

மூன்றாவது கட்டத்தில், தன் நேரான சின்ன எழுத்தில், எழுதினார்:

'தெரியவில்லை. எழுதியவர் மேலே பார்க்கவில்லை.'